அவிழாத பெல்ட்டும் ஆறிய காப்பியும்

என் அக்காள் கணவர் முஃப்லிஹ் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் சீட் பெல்ட் போட்டார். போட்டது காலை ஒன்பது பத்துக்கு. கழற்றியது பிற்பகல் மூன்று ஐம்பதுக்கு. இடையில் நடந்ததை, பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில் கூட்டாமல் குறைக்காமல் சொல்கிறேன். ஸர்க்காவில் என் கடலைக் கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் இந்தக் கதையையே கேட்கிறார்கள். சொல்லிக்கொண்டே எடை போட்டதில் பாதாம் கேட்டவருக்கு முந்திரியைக் கட்டிக் கொடுத்திருக்கிறேன். ஒரேயடியாக எழுதிவிட்டால் தொல்லை விட்டது.

கார் மச்சானுடையது. வெள்ளைக் கார். கம்பெனிப் பெயர் வேண்டாம், அவர்களிடம் வக்கீல்கள் இருக்கிறார்கள். வாங்கி ஆறு வருஷமாகியும், சீட்டின் மேல் கம்பெனி மாட்டி அனுப்பிய பிளாஸ்டிக் உறையை மச்சான் கழற்றவில்லை. கோடையில் அது முதுகோடு ஒட்டிக்கொள்ளும். இறங்கும்போது சட்டை ஒரு பக்கமும் ஆள் ஒரு பக்கமும் வர வேண்டியிருக்கும். "உறையை எடுத்துட்டா கார் பழசாயிடும்டா" என்பார்.

பெல்ட்டுக்கும் அதே மரியாதைதான். பூட்டாவிட்டால் கார் கிணிங் கிணிங் என்று கத்துமே, அதை அடக்கச் சந்தையில் தனியாக ஓர் இரும்பு நாக்கு விற்கிறது. அதை வாங்கிப் பூட்டில் சொருகி வைத்திருந்தார். தூரத்தில் போலீஸ்காரர் தெரிந்தால் பெல்ட்டை இழுத்துத் தோள்மேல் போட்டு, முனையைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொள்வார். போலீஸ்காரர் பார்ப்பார், தலையாட்டுவார். இரண்டு பேருக்கும் திருப்தி. எங்கள் பக்கத்தில் சீட் பெல்ட் என்றால் இதுதான்.

இப்படிப்பட்ட மனிதருக்குத்தான் போனில் ஒரு செய்தி வந்தது.

"மதிப்புக்குரிய குடிமகனே! உங்கள் வாகனத்தின் சீட் பெல்ட் பூட்டு பழுதாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். வியாழன் காலை ஒன்பது மணிக்கு அம்மானில் உள்ள வாகனத் திரும்ப அழைப்பு மையத்துக்கு வண்டியோடு நேரில் வரவும். பதினைந்து நிமிட வேலை. வராதவர்களின் வண்டிக்கு லைசன்ஸ் புதுப்பிக்கப்படாது. உங்கள் உயிர் எங்களுக்கு முக்கியம்."

வியாழன் என்றதும் அக்கா போனைப் பிடுங்கி மறுபடி படித்தாள். அன்றைக்குத்தான் மகன் நவாஃபுக்குப் பெண் கேட்டு ஜாஹா போகிற நாள். நாற்பது ஆண்கள், பதினேழு கார்கள், நாலரை மணிக்கு ஸல்த்தில் பெண் வீட்டில் இருக்க வேண்டும். அந்தப் பெண்ணின் அப்பா அபூ தைஸீர் லேசுப்பட்டவர் அல்ல. ஏற்கனவே இரண்டு முறை இந்த ஜாஹா தள்ளிப்போயிருந்தது. முதல் முறை எங்கள் பக்கத்தில் ஒரு சாவு. இரண்டாம் முறை அவர் பக்கத்தில் தேர்தல். இரண்டுக்கும் அவர் எங்களைத்தான் திட்டினார். "மூணாவது தடவையும் மாப்பிள்ளையோட அப்பன் வந்து நிக்கலேன்னா, போட்ட காப்பியைக் கொட்டிட்டு என் தங்கச்சி மகனுக்கே பொண்ணைக் கொடுத்துடுவேன்" என்று ஆள் விட்டுச் சொல்லியனுப்பினார். அந்தத் தங்கை மகன் முடி வெட்டிக்கொண்டு தயாராக இருப்பதாகவும் கேள்வி.

"அன்னிக்கேவா போகணும்? லைசன்ஸ் போனாப் போகுது, புள்ளை கல்யாணம் போயிடும்" என்றாள் அக்கா.

"பதினஞ்சு நிமிஷம்னு எழுத்துல போட்டிருக்கான்ல? அரசாங்கம் எழுத்துல பொய் சொல்லுமா?" என்றார் மச்சான்.

அக்கா என்னைத் துணைக்கு அனுப்பினாள். மச்சான் ஜாஹாவுக்கான உடுப்பையே போட்டுக்கொண்டு கிளம்பினார். வெள்ளை நீள அங்கி, அதன்மேல் பொன் கரை போட்ட கறுப்பு மேலங்கி, சிவப்புக் கட்டம் போட்ட தலைத்துணி. வேலை முடிந்ததும் நேரே போய் வரிசையில் முன்னால் நிற்கலாம் என்று திட்டம்.

மையத்தின் வாசலில் ஒரு தடுப்புக் கட்டை. பக்கத்தில் மினுங்கும் சட்டை போட்ட காவலாளி.

"பெல்ட்" என்றான்.

மச்சான் வழக்கம்போல் தோள்மேல் இழுத்துப் போட்டுத் தொடைக்கு அடியில் செருகினார். காவலாளி ஜன்னலுக்குள் தலையை விட்டான்.

"பூட்டுங்க பெரியவரே. 'டக்'னு சத்தம் என் காதுல விழணும். இது பாதுகாப்பு மையம்."

"தம்பி, இந்தப் பூட்டு பழுதுன்னுதானே கூப்பிட்டிருக்கீங்க?"

"பழுதா இல்லையான்னு உள்ள பாத்துச் சொல்லுவாங்க. சொல்ற வரைக்கும் உங்க உயிருக்கு யாரு பொறுப்பு? நான்தானே?"

மச்சான் ஆறு வருஷமாகப் பூட்டில் கிடந்த இரும்பு நாக்கைப் பிடுங்கினார். தூசியை ஊதினார். பெல்ட்டை இழுத்து வயிற்றைச் சுற்றிக் கொண்டுவந்து பூட்டினார். டக். காவலாளி கண்ணை மூடி ரசித்துக் கேட்டுவிட்டுக் கட்டையைத் தூக்கினான். என் பக்கத்துப் பெல்ட்டை அவன் பார்க்கவே இல்லை. பயணிக்கு உயிர் இருக்கிறதா என்பது அவன் விதியில் இல்லை போலிருக்கிறது.

உள்ளே போய் நிறுத்தி, மச்சான் சிவப்புப் பொத்தானை அமுக்கினார். அமுங்கியது. அவ்வளவுதான், அமுங்கிக்கொண்டே இருந்தது. நாக்கு வெளியே வரவில்லை. நான் அமுக்கினேன். இரண்டு பேரும் சேர்ந்து அமுக்கினோம். ஒன்றும் நடக்கவில்லை. முன்னால் குனிந்து பின்னால் சாய்ந்தபோது பெல்ட் ஒரு விரல் அளவு உள்ளே சுருண்டது. சுருண்டதைத் திருப்பித் தரவில்லை.

"கீழ சறுக்கி வாங்க மச்சான்."

சறுக்கிப் பார்த்தார். முப்பது வருஷம் என் அக்கா ஆக்கிப் போட்ட மன்ஸஃப் கறிச்சோறு வயிறாக இருந்து வழியை மறித்தது. இன்னும் இரண்டு விரல் இறுகியதுதான் மிச்சம்.

"வெட்டுடா. கத்தி இருக்கா?"

"கடலைக் கடைக்காரன்கிட்ட கத்தி எதுக்கு? அதோட அங்க பாருங்க" என்றேன். எதிர்ச் சுவரில் பெரிதாக எழுதியிருந்தது: 'பாதுகாப்புச் சாதனத்தை வெட்டுவது குற்றம். வெட்டியவரின் வண்டி பறிமுதல் செய்யப்படும். கேமரா உங்களைப் பார்க்கிறது.' மூன்று கேமராக்களும் எங்களைத்தான் பார்த்தன. கோப்பு முடிந்து சீட்டு வாங்கினால்தான் வெளிவாசல் கட்டை திறக்கும் என்று இன்னொரு பலகை சொன்னது.

சரி, வந்த வேலையை முடித்தால் அவர்களே அவிழ்த்துவிடுவார்கள் என்று நினைத்து உள்ளே ஓடினேன். முதல் ஜன்னலில் இல்ஹாம் என்ற அம்மாள் தேநீரில் மூலிகை இலையை முக்கிக்கொண்டிருந்தார்.

"மேடம், எங்க மச்சான் பெல்ட்டுல மாட்டிக்கிட்டார். அவிழ மாட்டேங்குது."

"வண்டிக்காரர் நேர்ல வரணும்."

"அவர்தான் மேடம் மாட்டிக்கிட்டார்."

"வந்து சொல்லச் சொல்லுங்க."

நான் தலையில் அடித்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து சொன்னேன். அந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டார். கெட்டவர் இல்லை, சும்மா சொல்லக் கூடாது. ஒரு படிவத்தை எடுத்துத் திருப்பிக் காட்டினார். பழுது என்ற இடத்தில் இரண்டு கட்டங்கள். ஒன்று, 'பூட்டவில்லை.' இரண்டு, 'பூட்டிய பின் தானாகக் கழன்றது.'

"உங்களுது எது?"

"ரெண்டும் இல்ல. பூட்டிக்கிச்சு, கழல மாட்டேங்குது."

"அதுக்குக் கட்டம் இல்லையே."

"கட்டம் இல்லேன்னா?"

"கட்டம் இல்லேன்னா பழுது இல்ல. யோசிச்சுப் பாருங்க. பெல்ட் எதுக்கு இருக்கு? ஆளைப் பிடிச்சு வெக்க. பிடிச்சு வெச்சிருக்கு. மாஷா அல்லாஹ்னு சொல்லுங்க, கண்ணு பட்டுடப் போகுது."

அவர் சொன்னது எவ்வளவு நியாயமாக இருந்தது என்றால், நான் பாதி வழி திரும்பி வந்த பிறகுதான் எனக்குக் கோபமே வந்தது.

பதினொரு மணிக்குத் தொழில்நுட்பக் குழு வந்தது. மூன்று பேர். ஹாஸிம் என்ற எஞ்சினியர் பேசினார், இரண்டாமவர் எழுதினார், மூன்றாமவர் ஒத்துக்கொண்டார். மச்சானைச் சுற்றி வந்து எல்லாப் பக்கமிருந்தும் பார்த்தார்கள். பொத்தானை ஒருவர்கூட அமுக்கவில்லை. அது சோதனை முடிந்த பிறகு செய்கிற வேலையாம்.

"முற்றத்துல ஒரு சுத்து வேகமா ஓட்டி, அந்தக் கோட்டுல பிரேக் போடுங்க" என்றார் ஹாஸிம்.

மச்சான் ஓட்டினார். போட்டார். நான் போய் முன்கண்ணாடியில் மோதி நெற்றியில் ஒரு புடைப்போடு திரும்பி வந்தேன். மச்சான் ஆடவில்லை, அசையவில்லை. அவருடைய தலைத்துணி மட்டும் கண்ணுக்கு இறங்கியிருந்தது.

குழு கைதட்டியது.

"ஒரு மயிரிழை நகரலையே!" என்று ஹாஸிம் மச்சானின் தோளில் தட்டினார். "இந்த மாடல்ல இதுவரைக்கும் இருநூத்திப் பத்து வண்டி பாத்துட்டோம் பெரியவரே. ஒண்ணுலகூட பெல்ட் நிக்கல. உங்களுதுதான் நின்னிருக்கு!"

"நின்னது சரி தம்பி. நான் எறங்கறது எப்படி?"

"எறங்கறது எங்க பிரிவு இல்ல. நாங்க நிக்கறது."

மூன்றாமவர் ஒத்துக்கொண்டார்.

அவர்கள் போன கையோடு செய்தி மேலே போயிருக்க வேண்டும். மையத்தின் இயக்குநர் டாக்டர் ஜவ்தத் படம் பிடிப்பவரோடு இறங்கி வந்தார். காரின் முன்கண்ணாடியில் 'முன்மாதிரி வண்டி' என்று ஒரு பச்சைக் காகிதத்தை ஒட்டினார்கள். டாக்டர் ஜன்னல் வழியாக மச்சானின் கையைப் பிடித்துக்கொண்டு, முகத்தைப் படக்காரர் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு பேசினார். அதைப் பேச்சு என்றுதான் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் இரண்டு பேரையும் பார்த்து அவர் 'பெரியோர்களே' என்றார்.

"பெரியோர்களே! எட்டு வருஷமா இந்த மையம் இயங்குது. இந்த எட்டு வருஷத்துல நாங்க மாத்திக் கொடுத்த பெல்ட்டால ஒரு குடிமகனுக்குக்கூடச் சின்னக் கீறல் விழுந்ததில்ல. ஏன்? எட்டு வருஷமா நாங்க ஒரு பெல்ட்டைக்கூட மாத்தல! அவசரப்பட்டு மாத்தற நாடுகள் இருக்கு. அங்கெல்லாம் விபத்து நடக்குது. எங்க வேலை அழைக்கறது. அழைச்சோம். வந்தீங்க. அழைப்பு நூத்துக்கு நூறு வெற்றி."

"மாத்தப் போற பெல்ட் எப்ப வரும் டாக்டர்?" என்று கேட்டேன்.

"கப்பல்ல இருக்கு."

"கப்பல் எங்க இருக்கு?"

"போன வருஷம் இதையே கேட்ட ஒரு உதவி இயக்குநர் இருந்தார்" என்றார் டாக்டர். சொல்லிவிட்டு வருத்தத்தோடு தலையை ஆட்டினார். "நல்ல மனுஷன்."

மச்சானால் பொறுக்க முடியவில்லை. "ஐயா, வல்லாஹி, அல்லாஹ் மேல ஆணையாக் கேக்கறேன், இன்னிக்கு என் புள்ளைக்கு ஜாஹா. நாலரைக்கு ஸல்த்துல இருக்கணும். இதை வெட்டி விட்டுடுங்க."

"வெட்டறதா? முன்மாதிரி வண்டியையா? படம் இப்பத்தானே எடுத்திருக்கோம்!" டாக்டர் உண்மையாகவே பதறிப் போனார். "அசையாதீங்க பெரியவரே, இன்னொண்ணு எடுத்துக்கறோம்."

அசைய முடிந்தால் அவர் ஏன் அங்கே இருக்கப் போகிறார்!

பன்னிரண்டானது. ஒன்றானது. தெருமுனையில் ஃபலாஃபில் ரொட்டி வாங்கி வந்து ஜன்னல் வழியாகக் கொடுத்தேன். ஒவ்வொரு வாய்க்கும் பெல்ட் ஒரு சுற்று இறுகியது. பாதியில் நிறுத்திவிட்டார். தண்ணீர் கேட்டார். மூடியைத் திறந்து நீட்டினேன். கையில் வாங்கி, பாட்டிலையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "வேணாம். யோசிச்சுப் பாத்தேன்" என்றார்.

இரண்டு மணிக்கு அவர் குரல் இறங்கிவிட்டது. கூரைமேல் தண்ணீர்த் தொட்டி ஏற்றுகிற தொழில் அவருக்கு. ஐந்தாம் மாடி விளிம்பில் நின்று பாட்டுப் பாடுகிற மனிதர். அவர் கண்ணில் நீர் நின்றதை அன்றுதான் பார்த்தேன்.

"அவ்வாத், அந்தப் பய நாலு வருஷமா அந்தப் பொண்ணைத் தவிர வேற பேச்சு பேசினதில்லடா. போன வாரம் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'அப்பா, நீங்க மட்டும் நேரத்துக்கு வந்துடுங்க, வேற ஒண்ணும் வேணாம்'னான். நான் பாரு, இவனுங்ககிட்ட படத்துக்கு நின்னுக்கிட்டு இருக்கேன்."

எனக்குக் கோபம் வந்தது. போனை எடுத்து ஹாஜி தியாபைக் கூப்பிட்டேன்.

ஹாஜி தியாப் எங்கள் பக்கத்து ஜாஹாக்களுக்கெல்லாம் பேசுகிற பெரியவர். எழுபத்தாறு வயது. அவர் போய்ப் பேசி 'இல்லை' என்று சொன்ன வீடு கிடையாது. நாற்பது பேரும் உடுப்பு மாட்டிக்கொண்டு அவர் வீட்டு வாசலில்தான் காத்திருந்தார்கள்.

"எங்கடா அபூ நவாஃப்? வெயில்ல வெந்துக்கிட்டு இருக்கோம்" என்றார். மகன் பெயரை வைத்து மச்சானை ஊரில் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"மையத்துல இருக்கார் ஹாஜி. விட மாட்டேங்கறாங்க."

"விட மாட்டேங்கறாங்களா? கட்டி வெச்சிருக்கானுங்களா?"

நான் ஒரு நொடி யோசித்தேன். "ஆமா ஹாஜி. கட்டித்தான் வெச்சிருக்காங்க."

"அங்கயே இருங்க" என்றார். வேறு எங்கே போவது?

மூன்று மணிக்குப் பதினேழு கார்களும் ஜாஹாவுக்கு உண்டான ஹாரன் சத்தத்தோடு மையத்தின் வாசலுக்கு வந்து சேர்ந்தன. காவலாளி முதல் காரின் ஜன்னலுக்குள் தலையை விட்டு, "பெல்ட். 'டக்'னு கேக்கணும்" என்றான். ஹாஜி தியாப் அவனை மேலும் கீழும் பார்த்தார். கதவைத் திறந்து இறங்கினார். மற்ற முப்பத்தொன்பது பேரும் இறங்கினார்கள். நடந்து வருகிறவர்கள் எதைப் பூட்ட வேண்டும் என்று காவலாளி விதிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தான். அவன் புரட்டி முடிப்பதற்குள் எல்லாரும் மாடியில் இருந்தார்கள். நானும் ஓடினேன்.

டாக்டர் ஜவ்தத் வீட்டுக்குக் கிளம்பப் பையை மூடிக்கொண்டிருந்தார். கதவு திறந்தது. மேலங்கிகள் வந்தன, வந்துகொண்டே இருந்தன. மந்திரி அனுப்பிய ஆட்களா, தேர்தல் ஆட்களா, யார் என்று தெரியாமல் மனிதர் எழுந்து நின்றுவிட்டார். என்ன படித்திருந்தாலும் பழைய வழக்கம் மாறாத கரக்கில் பிறந்து வளர்ந்தவர். வாய் தானாகத் திறந்தது.

"காப்பி கொண்டு வாங்க!"

காப்பி வந்தது. சர்க்கரை இல்லாத, ஏலம் போட்ட காப்பி. முதல் கோப்பையை ஹாஜி தியாபுக்குக் கொடுத்தார்கள். ஹாஜி வாங்கினார். டாக்டரின் மேஜையில் கோப்புகளுக்கு நடுவே அதை வைத்தார். வைத்துவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டார். மற்றவர்கள் ஒருவரும் கோப்பையைத் தொடவில்லை.

டாக்டரின் முகத்தில் ரத்தம் வற்றியது. அந்த அறையில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. கேட்டது கிடைக்கிற வரை அந்தக் கோப்பை தொடப்படாது. குடிக்காமல் எழுந்து போய்விட்டால் அந்த வீட்டுக்காரர் பெயர் ஊர் ஊராக நாறும், அவர் பேரன் பெண் கேட்கப் போகிற இடத்திலும் அந்தப் பேச்சு முன்னால் போய் உட்கார்ந்திருக்கும்.

ஹாஜி தொண்டையைச் செருமினார். அவருக்குத் தெரிந்தது ஒரே பேச்சுத்தான். முப்பது வருஷமாக அதைத்தான் பேசுகிறார். அதையே ஆரம்பித்தார்.

"அல்லாஹ்வோட பேரால. பேரும் புகழும் உள்ள வீடு தேடி வந்திருக்கோம். உங்க கூரைக்குக் கீழ ஒரு பொக்கிஷம் இருக்கு. நல்ல குணம், அடக்கமான வளர்ப்பு. இருந்த எடத்தை விட்டு அசையாத ஒழுக்கம். அந்தப் பொக்கிஷத்தை எங்க வீட்டுக்குக் கேட்டு வந்திருக்கோம்."

டாக்டர் குழம்பிப் போனார். "யாரைப் பெரியவரே கேக்கறீங்க?"

"கீழ வண்டியில உக்காந்திருக்கற அபூ நவாஃபை."

அபூ நவாஃபுக்கு வயது ஐம்பத்தெட்டு, எடை நூற்றுப் பத்து கிலோ. ஆனால் ஒருவரும் சிரிக்கவில்லை. ஜாஹாவில் சிரிக்கக் கூடாது.

"பெரியவரே, நான் தரமாட்டேன்னா சொல்றேன்? படிவத்துல மூணாவது கட்டம் இல்ல. ரெண்டே கட்டம்தான். விதியை மாத்தணும்னா குழு போடணும். குழு போடறதுக்கு ஒரு குழு..."

"ஆறிக்கிட்டு இருக்கு" என்றார் ஹாஜி. வேறொன்றும் சொல்லவில்லை.

டாக்டர் கோப்பையைப் பார்த்தார். எல்லாரும் கோப்பையைப் பார்த்தோம். ஆவி மெலிந்து, பிறகு நின்றது. கதவோரம் நின்ற இல்ஹாம் அம்மாள் மெதுவாக, "டாக்டர், ஆறிடுச்சு டாக்டர்" என்றார். அந்தக் குரலில் அழுகை இருந்தது. அவரும் ஒரு வீட்டில் பிறந்து வளர்ந்தவர்தானே.

டாக்டர் ஜவ்தத் நெற்றியைத் துடைத்தார். எட்டு வருஷத்தில் அவர் எடுத்த முதல் முடிவு அதுதான் என்று பிறகு அங்கே வேலை செய்கிறவர்களே சொன்னார்கள்.

"உங்க காப்பியைக் குடிங்க பெரியவரே. வந்த காரியம் முடிஞ்சுது. அவர் உங்களுக்குத்தான்."

ஹாஜி எடுத்துக் குடித்தார். எல்லாரும் குடித்தார்கள். இல்ஹாம் அம்மாள் பழக்கத்தில் வாயைப் பொத்திக்கொண்டு ஒரு குலவை போட்டுவிட்டார். அடுத்த அறையிலிருந்த கணக்குப் பிரிவுப் பெண்கள், விஷயம் என்னவென்று தெரியாமலேயே பதில் குலவை போட்டார்கள்.

சொல்லிவிட்டார், சரி. வெட்டுவது எதால்? மையம் முழுக்கத் தேடினோம். பாதுகாப்பு மையம் என்பதால் கூர்மையான பொருள் எதுவும் அங்கே அனுமதி இல்லை. பென்சில் சீவுகிற பிளேடுகூட இல்லை. கடைசியில் ஹாஸிம்தான் வரவேற்பறைக் கண்ணாடிப் பெட்டியைக் காட்டினார். எட்டு வருஷத்துக்கு முன் மந்திரி ஒருவர் மையத்தைத் திறந்து வைக்க நாடா வெட்டிய கத்தரிக்கோல், சிவப்புப் பட்டுத் திண்டின் மேல் பொன் முலாமோடு இருந்தது. டாக்டரே சாவி கொண்டுவந்து திறந்தார்.

முற்றத்தில் நாற்பது பேர் வட்டமாக நின்றோம். படக்காரர் தயாரானார். இரண்டு ஊழியர்கள் மச்சானின் நெஞ்சுக்கு முன்னால் பெல்ட்டை இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்தார்கள். டாக்டர் ஜவ்தத் எல்லாரையும் பார்த்துப் புன்னகை செய்து, "பிஸ்மில்லாஹ்" என்று வெட்டினார். கைதட்டல். மச்சான் கதவைத் திறந்தார். வாழ்த்துச் சொல்லக் கை நீட்டினவர்கள் யாரையும் பார்க்காமல் கழிவறை இருக்கிற திசையில் ஓடினார். அங்கியோடு அவ்வளவு வேகமாக ஒரு மனிதரால் ஓட முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

கோப்பு முடிந்தது என்று சீட்டு எழுதித் தந்தார்கள். வெளிவாசலில் அதே காவலாளி. மச்சான் சீட்டை நீட்டினார்.

"பெல்ட்" என்றான்.

மச்சான் அமைதியாக, வெட்டுப்பட்டுத் தொங்கிய பெல்ட்டை இழுத்துத் தோள்மேல் போட்டு, முனையைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டார்.

"சத்தம் வேணாமா தம்பி?"

"உள்ள வர்றவங்களுக்குத்தான் சத்தம். வெளிய போறவங்களுக்குப் பார்வை போதும்" என்றான். நன்றாகப் பார்த்தான். சல்யூட் அடித்தான். "இப்படித்தான் பெரியவரே எப்பவும் போட்டுக்கணும். பத்திரமாப் போங்க."

ஸல்த் மலைச்சாலையில் ஹாரன் அடித்துக்கொண்டு ஏறினோம். எப்படி ஓட்டியும் போய்ச் சேர நாலு ஐம்பது. இருபது நிமிடம் தாமதம். வாசலில் அபூ தைஸீர் கடிகாரம் தெரிகிற மாதிரிக் கையை முன்னால் கட்டிக்கொண்டு நின்றார். அவருக்குப் பின்னால் தங்கை மகன் நின்றான். முடி வெட்டு நன்றாகத்தான் இருந்தது. எங்களோடு வந்திறங்கிய நவாஃப் அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் உதடு காய்ந்திருந்தது.

உள்ளே உட்கார்ந்தோம். காப்பி வந்தது. ஹாஜி கோப்பையை முன்னால் வைத்தார். வாயைத் திறப்பதற்குள் அபூ தைஸீர் கையைத் தூக்கினார்.

"பேச்சு அப்புறம். முதல்ல எனக்கு ஒரு பதில் வேணும். இருபது நிமிஷம் எங்க போயிருந்தீங்க? என் வீட்டு வாசல்ல ஜனங்க முன்னாடி நான் நின்னேனே, அதுக்கு என்ன பதில்?"

மச்சான் எழுந்தார். பொய் சொல்ல அவருக்குத் தெம்பு இல்லை. கறுப்பு மேலங்கியில் தோளிலிருந்து இடுப்பு வரை குறுக்காகப் பெல்ட் தேய்த்த தடம் வெளுப்பாகத் தெரிந்தது.

"காலையில ஒன்பது மணியிலேர்ந்து என்னைக் கட்டி வெச்சிருந்தாங்க அபூ தைஸீர். மையத்துல. சீட் பெல்ட் பூட்டிக்கிச்சு, அவிழல. அதுக்குப் படிவத்துல கட்டம் இல்ல. ஹாஜி வந்து காப்பியைக் கீழ வெச்சார், அதுக்கப்புறம்தான் விட்டாங்க."

தங்கை மகன் ஒரு அடி முன்னால் வந்தான். அபூ தைஸீர் மச்சானின் மேலங்கியில் இருந்த தடத்தையே பார்த்தார். பிறகு கேட்டார்.

"எந்த வண்டி உங்களுது?"

மச்சான் சொன்னார்.

"வெள்ளையா?"

"வெள்ளை."

அபூ தைஸீர் மெதுவாக உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, கண்ணாடி மாட்டி, ஒரு செய்தியைத் தேடிப் பிடித்து ஹாஜி தியாபிடம் நீட்டினார். 'மதிப்புக்குரிய குடிமகனே' என்று அது ஆரம்பித்தது. ஞாயிறு காலை ஒன்பது மணி. பதினைந்து நிமிட வேலை.

ஹாஜி படித்து முடிக்கும் வரை அவர் காத்திருக்கவில்லை.

"காப்பியைக் குடிங்க பெரியவரே! வந்த காரியம் முடிஞ்சுது! பொண்ணு உங்களுது!" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு, குனிந்து ஹாஜியின் காதில், "ஞாயித்துக்கிழமை இந்த நாப்பது பேருக்கும் வேற சோலி எதுவும் இல்லியே?" என்றார்.

உள்ளே குலவை கிளம்பியது. நவாஃப் ஓடி வந்து அப்பாவைக் கட்டிக்கொண்டான். மச்சான் கொஞ்சம் நெளிந்து, "மெதுவாடா, இறுக்காதே" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை போனோம், சம்பந்தியாயிற்றே. வண்டிகளை வெளியே நிறுத்திவிட்டு நடந்தே உள்ளே போனோம், அபூ தைஸீரின் வண்டியைத் தவிர. அது முற்றத்தில் நின்றது, அவர் அதற்குள் இருந்தார். மாடியில் ஆறாவது ஜன்னல் புதிதாகத் திறந்திருந்தார்கள். மேலே 'ஜாஹா பிரிவு' என்று பலகை. இல்ஹாம் அம்மாளுக்குப் பதவி உயர்வு கிடைத்து அங்கே உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து ஸலாம் சொல்லி, காப்பி வரவழைத்து, ஹாஜியிடம் ஒரு படிவத்தை நீட்டினார். காப்பி என்ற இடத்தில் இரண்டு கட்டங்கள். ஒன்று, 'குடித்தார்.' இரண்டு, 'குடிக்க மறுத்து வெளியேறினார்.'

ஹாஜி தியாப் கோப்பையைப் படிவத்தின் மேலேயே வைத்தார். கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"மேடம், குடிக்கவும் இல்ல, போகவும் இல்ல. காத்துக்கிட்டு இருக்கோம்" என்றேன்.

இல்ஹாம் அம்மாள் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பேனாவை எடுத்தார். கீழே ஜன்னல் வழியாக அபூ தைஸீர் ஹாரன் அடிக்கிற சத்தம் கேட்டது. அந்த அம்மாள் ஒரு பெருமூச்சு விட்டு, இரண்டு கட்டத்துக்கும் கீழே தன் கையாலேயே மூன்றாவதாக ஒரு கட்டம் வரைந்தார்.